வெள்ளிமலை வளைவில் ராஜாளி

சென்னை,
22-1-1987

அன்புள்ள மாமாவுக்கு,

வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. பொங்கலுக்கு வரவில்லை என்று நீங்கள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். அக்கா எனக்கென்று எடுத்து வைத்த கரும்பை நீங்களே கடித்துத் துப்பியிருப்பீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இருபது வருஷம் லாரி ஓட்டி வாங்கிய உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கரும்புக் காட்டில் குனிவதைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கள்.

நான் வராததற்குக் காரணம் உண்டு. எங்கள் ராஜாளி கம்பெனி கார்ப் பந்தயத்தில் இறங்குகிறது. அந்தப் பந்தய வண்டியைத் தயார் செய்கிற ஆறு மெக்கானிக்குகளில் நானும் ஒருவன். பந்தயம் எங்கே தெரியுமா? எஞ்சினியர் மேசைமேல் வரைபடத்தை விரித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை. நம் மலை!

எல்லா வண்டியும் சேர்ந்து ஓடாது. ஒவ்வொன்றாக விடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் மேலே போய்ச் சேருகிறாரோ அவர் ஜெயித்தார். இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று விற்பனை மேனேஜரைக் கேட்டேன். "கார் வாங்குறவன் காரையாடா பாக்குறான்? அதுல உக்காந்திருக்கிற தன்னைப் பாக்குறான். மலையில சீறிக்கினு போன வண்டி நம்ம வாசல்ல நிக்கணும்னு அவனுக்குத் தோணணும்" என்றார். கள்ளக்குறிச்சியில் கரும்புக்காரர்கள் ஜாஸ்தி, அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் நம் மலையைப் பிடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. மாடு கன்றைச் சாலைப் பக்கம் விடவேண்டாம் என்று ஊரில் சொல்லுங்கள். எங்கள் வண்டி ஏழாம் நம்பர், சிவப்பு.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மச்சான்,
வீரமுத்து


வடக்கனந்தல்,
17-2-1987

என் அருமை மச்சானுக்கு,

மாமன் வெங்கடேசன் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம், சினைமாடும் நலம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் மட்டும் நலமில்லை.

அடேயப்பா! என்னத்தைச் சொல்ல! கோமுகி அணைக்கு மேலே ஆறாவது வளைவில் காலையிலேயே போய் நின்றுகொண்டேன். தியாகதுருகத்திலிருந்தெல்லாம் டிராக்டர் கட்டிக்கொண்டு சனம் வந்திருந்தது. நம் கரும்பு வெட்ட வருவானே வெள்ளிமலை முனியன், அவன் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்டாட்டி இருசம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

முதலில் சத்தம் வந்தது. வண்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, மலை முழுக்கச் சத்தம். பிறகு செம்மண் புகை. அதற்குள்ளிருந்து உன் சிவப்பு வண்டி வந்தது பார், என் லாரி இரண்டாம் கியரில் அழுதுகொண்டு ஏறுகிற அந்த வளைவில், பின்பக்கம் ஒருபுறம் வழுக்க, முன்பக்கம் மறுபுறம் திரும்ப, ஒரு கல்லை எங்கள் தலைக்கு மேலே தெறிக்கவிட்டுப் போயே போய்விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை உன் அக்காவிடம் சொல்லாதே.

"அண்ணே, உள்ள ஆளு கீறானா, இல்ல சாமி ஏறி ஓட்டுதா?" என்று முனியன் கேட்டான். இருசம்மாள் ரோட்டில் இறங்கி டயர் போன தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதாம். கூட்டமே ஒவ்வொருவராகக் குனிந்து தொட்டது. நானும் தொட்டேன்.

நீங்கள் ஜெயித்ததைக் கச்சிராயபாளையத்தில் மைக்கில் சொன்னபோது, "அது என் மச்சான் வண்டி" என்று நான் கத்திய கத்தலில் எதிரிலிருந்தவன் டீயைக் கொட்டிவிட்டான். நீ பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மாமன் நிற்பதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும்.

இப்போது விஷயம். அந்த மலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். பிரசவமோ பாம்புக்கடியோ, டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். நான் ஒரு ராஜாளி வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறேன். ஸ்டியரிங்கைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. கை நமநமவென்று இருக்கிறது.

உடனே பதில் எழுது.

மாமன்,
வெங்கடேசன்


சென்னை,
6-3-1987

அன்புள்ள மாமாவுக்கு,

வீரமுத்து எழுதுவது. நான் நலம். சாப்பாட்டுக்குத்தான் நேரமில்லை.

இங்கே நடப்பதைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம் ஆறாவது வளைவில் எடுத்த போட்டோவைப் பேப்பரில் முழுப்பக்கம் போட்டார்கள். மறுநாள் ஷோரூம் திறக்குமுன் வாசலில் கூட்டம். பட்டு வேட்டிக்காரர்கள் வந்து பானெட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். "மலையில ஓடுச்சே, அதே வண்டிதானே?" என்று எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அதே வண்டிதாங்க" என்று சேல்ஸ்காரர்கள் சொல்கிறார்கள். உங்கள் பக்கத்தில் முன்பு மாதத்துக்கு மூன்று வண்டி போகும். இப்போது பத்து நாளில் நாற்பத்தொன்று புக்கிங். ஒரு போட்டோ இத்தனையும் செய்யுமா என்று எனக்கே மலைப்பாக இருக்கிறது.

அந்தப் பந்தய வண்டியை நாங்கள் ஆறு பேர் மூன்று மாதம் கழற்றிப் பூட்டினோம். அதன் கியர் பெட்டியைத் திறந்து பார்க்க ஷோரூம்காரர்களுக்கே அனுமதி கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் பேசக்கூடாது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் வண்டி வாங்குவதைப் பற்றி. என்ன அவசரம் மாமா? உங்களுக்கு முதுகுவலி வேறு. மலைக்கு ஓட்டுவதென்றால் பழைய ஜீப் ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்களேன். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். அக்காவுக்குப் புடவை அனுப்புகிறேன்.

உங்கள்,
வீரமுத்து


வடக்கனந்தல்,
27-3-1987

மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உன் புத்திதான் சுகமாக இருக்கிறதா என்று சந்தேகம்.

ஊரே ராஜாளி ராஜாளி என்று பறக்கிறது. ராஜாளி கம்பெனியில் சம்பளம் வாங்குகிற நீ எனக்குப் பழைய ஜீப் வாங்கச் சொல்கிறாய்! மாமன் கார் வைத்துக்கொண்டால் மச்சானுக்குப் பொறுக்காதா? விளையாட்டுக்குச் சொன்னேன், முகத்தைத் தூக்காதே.

புக் பண்ணிவிட்டேன். கள்ளக்குறிச்சி ஷோரூமில் உள்ளே நுழைந்ததுமே ஆளுயரப் போட்டோ. சிவப்பு வண்டி, பக்கத்தில் கையில் ஸ்பேனரோடு நீ. "இது என் பொண்டாட்டியோட தம்பி" என்றேன். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். நாற்பது பேரைத் தாண்டி எனக்கு முதல் வரிசையில் வண்டி தருவதாகச் சொல்லிவிட்டார். வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கரையும் காளை ஜோடியையும் கொடுத்துவிட்டேன். இனி இந்த வண்டிதான் எனக்குக் கழனி, இதுதான் காளை.

மாமன்,
வெங்கடேசன்

தம்பி, உன் மாமா இதை ஒட்டித் தபாலில் போடச் சொன்னார். ஒட்டுமுன் நான் நாலு வரி எழுதுகிறேன். நான் அம்சவள்ளி. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கூட்டம் வந்தது, போட்டோ போட்டார்கள், எல்லாம் எழுதியிருக்கிறாய். நல்ல வண்டி, வாங்குங்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? என் தலைமேல் ஆணை, உண்மையை எழுது. அவர் ஆள் ஏற்றிக்கொண்டு மலை இறங்கப் போகிறார். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


சென்னை,
9-6-1987

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வீரமுத்து எழுதுவது. இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். கோயம்புத்தூர், பெங்களூர் என்று அடுத்தடுத்துப் பந்தயம். அங்கேயும் ஜெயித்தோம். அங்கேயும் அதே கூட்டம், அதே கேள்வி. மாடு கன்று போட்டதா? உனக்குக் கால் வீக்கம் வற்றியதா?

நீ கேட்டதற்கு. வண்டி நல்ல வண்டிதான் அக்கா. சமதரைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. மாமாவிடம் மெதுவாக ஓட்டச் சொல். ஆள் ஜாஸ்தி ஏற்ற வேண்டாம் என்று சொல். மலைக்கு அடிக்கடி போக வேண்டாம் என்று சொல்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வீரமுத்து


வடக்கனந்தல்,
24-8-1987

மச்சானுக்கு,

எல்லாரும் சௌக்கியம். ஆடி போகட்டும் என்று இருந்து ஆவணி பிறந்ததும் வண்டி எடுத்துவிட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஊரே வந்து பார்த்தது. எங்கள் பங்காளி சுப்புராயன், என்னோடு ஆறு வருஷம் பேசாதவன், "பெரியப்பா, ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போயேன்" என்று வந்து நின்றான்!

எலவனாசூர்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். யம்மாடி, என்ன வேகம்! வழியெல்லாம் நின்று பார்க்கிறார்கள். பெட்ரோல் போடுகிற இடத்தில், டீக்கடையில், "அந்த மலை வண்டிதானே?" என்கிறார்கள். என் வண்டியைப் பார்த்து இதுவரை பதினோரு பேர் புக் பண்ணியிருக்கிறார்கள்.

மலைக்கும் போனேன். போய்விட்டு வந்தேன்.

இடதுபக்கக் கதவில் கொஞ்சம் கீறல். எருமை உரசிவிட்டது.

மாமன்,
வெங்கடேசன்


சென்னை,
14-9-1987

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நலம் விசாரித்து எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தில் மலையைப் பற்றி ஒரே வரி இருந்தது. வாய் ஓயாத என் மாமா மலையைப் பற்றி ஒரே வரி எழுதுகிறார் என்றால் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் பார்த்த சிவப்பு வண்டியும் உங்கள் வீட்டு வண்டியும் ஒன்றில்லை. தகடு ஒன்று, விளக்கு ஒன்று, பெயர் ஒன்று. உள்ளே எல்லாம் வேறு. பந்தய வண்டியின் கியர் மலைக்கென்று வெட்டியது. உங்களுடையது சமதரையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வைத்தது. ஆளேற்றினால் ஏற்றத்தில் முதல் கியரே திணறும். இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. எல்லாப் பாரமும் பிரேக்குக்குப் போகும். நாலு வளைவுக்குள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். பந்தய வண்டியில் அதற்கென்று பெரிய பிரேக் பூட்டியிருந்தோம். என் கையால்தான் பூட்டினேன்.

மாமா, இனி மலைக்குப் போகாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். அது மட்டுமில்லை. ஷோரூமில் மாட்டியிருக்கிற அந்தப் போட்டோவில் நான் இருக்கிறேன். பிறந்ததிலிருந்து யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் போட்டோ பொய் என்று என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுதான் உண்மை.

அக்கா, நீ உன் தலைமேல் ஆணை வைத்துக் கேட்டும் பொய் எழுதினேன். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு.

வீரமுத்து


வடக்கனந்தல்,
4-10-1987

வீரமுத்துவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமைதான் கைக்கு வந்தது. பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல், பேப்பரில் பார்த்திருப்பாய். படிப்பிலும் வேலையிலும் நமக்கென்று ஒதுக்கீடு வேண்டும் என்று சனம் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நானும் மூன்று நாள் ரோட்டில் உட்கார்ந்தேன். இப்போது எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதுவே நலம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் மாட்டியிருந்த உன் போட்டோவைக் கிழிக்கப் போனேன். உன் அக்காதான் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் நீ எழுதியது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆவணியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். ஆறாவது வளைவில் முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றியது. உன் சிவப்பு வண்டி பறந்த அதே வளைவு! எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கத்து மண்மேட்டில் கதவை உரசி உரசித்தான் வண்டியை நிறுத்தினேன். எருமையாவது கிருமையாவது!

ஏன் சொல்லவில்லை? நீ போட்டோவுக்காகச் சொல்லவில்லை, நான் மானத்துக்காகச் சொல்லவில்லை. காளையை விற்று வாங்கிய வண்டி மலையேறாது என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் இருபது வருஷம் லாரி ஓட்டியவனை ஒரு வளைவு ஜெயிக்கக்கூடாது என்று தனியாகப் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் வெறுத்துப்போய் வண்டியைத் திருப்பினேன். திருப்பப் பின்னால் எடுத்தேன் பார், ஏறியது! ரிவர்ஸ் கியர்தான் அதில் பலமான கியர். முன் சக்கரம் இழுக்கிற வண்டி, பின்பக்கமாக ஏறினால் பாரமெல்லாம் முன் சக்கரத்தில் விழுந்து மண்ணைக் கவ்விக்கொள்கிறது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு அந்த வளைவை மட்டும் பின்பக்கமாகவே ஏறினேன். இறங்குவதற்கு, மலைக்காரர்கள் பார வண்டி இறக்கும்போது பின்னால் கட்டை கட்டி இழுத்து வருவார்களே, அதையே செய்தேன்.

இப்போது கேள். மறியல் ஐந்தாம் நாள் முனியன் மலையிலிருந்து ஓடியே வந்தான். இருசம்மாளுக்கு எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது, ரத்தம் போகிறது. டோலி கட்டினால் கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். "அண்ணே, உன் வண்டி மலையேறும்ல?" என்று கேட்டான். அவனிடம் என்ன சொல்வது? ஏறச் சொன்னேன்.

ஆறாவது வளைவில் பின்பக்கமாக ஏறினேன். இருசம்மாளைப் பின் சீட்டில் கிடத்தி, ஒரு வேங்கைக் கட்டையைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினேன். பிரேக்கில் காலை வைத்தது மூன்றே தரம். கட்டை கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கீழே வந்து கட்டையை அவிழ்த்துவிட்டுப் போனால், கள்ளக்குறிச்சிக்கு இரண்டு கல் முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம். ரம்பம் இல்லை, மரத்தை அசைக்க முடியாது. இரண்டு பக்கமும் பள்ளம், தண்ணீர். மறியலில் உட்கார்ந்திருந்தது நம் சுப்புராயனும் அவன் கூட்டாளிகளும்.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "பெரியப்பா, நீ எறங்கு. யம்மா, நீ எறங்க வாணாம். அப்பிடியே படுத்துக்கினு இரு" என்றான். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டான். நாற்பது பேர் இருக்கும் மச்சான். கீழே கை கொடுத்து, "ஏலேலோ"கூடப் போடாமல், வாயைத் திறக்காமல், காரை அப்படியே தூக்கினார்கள். உள்ளே அவள் முனகுகிறாள். அந்த வண்டி புளியமரத்துக்கு மேலே மெதுவாகப் போகிறது. நாலு நாள் பட்டினி கிடந்தவர்கள் கை எல்லாம் நடுங்குகிறது, வண்டி நடுங்கவில்லை. அந்தப்பக்கம் பூ வைப்பது போல இறக்கி வைத்தார்கள். நான் ரோட்டில் விழுந்து கும்பிட்டேன். பிப்ரவரியில் பார்த்தது ஒன்றுமே இல்லையடா. அன்றைக்குத்தான் ராஜாளி பறந்ததைப் பார்த்தேன்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஒருவனிடம் மறைத்தாய். நான் பதினோரு பேரிடம் மறைத்தேன். நேற்று அந்தப் பதினோரு வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேர் புக்கிங்கை வாபஸ் வாங்கினார்கள். மற்ற ஒன்பது பேரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அட போய்யா, நாங்க இன்னா மலைக்கா போகப் போறோம்? அந்த வண்டி வூட்டாண்ட நின்னா போதும்!"

வெங்கடேசன்


சென்னை,
20-10-1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எஞ்சினியரிடம் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "ரிவர்ஸ்ல ஏறலாம்னு எனக்கே தோணலையேப்பா" என்றார். கடிதம் அங்கிருந்து விற்பனை மேனேஜர் கைக்குப் போய்விட்டது.

அவர் துள்ளிக் குதித்தார். ராஜாளி மலையேறி ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று அடுத்த விளம்பரமாம், காலண்டராம். போட்டோக்காரரோடு நவம்பர் 8ஆம் தேதி அங்கே வருகிறார். ரிவர்ஸையும் கட்டையையும் விட்டுவிடுவாராம். "அதையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போடாதீர்கள்" என்றேன். மெக்கானிக்குக்கு எதற்கு இந்தப் பேச்சு, பந்தயப் பிரிவில் இருக்க ஆசையில்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருந்தாலும் சொன்னதை மாற்றவில்லை.

அவரிடம் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் மாமா. என்னை நினைத்து எதையும் மறைக்காதீர்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? முனியனை விசாரித்ததாகச் சொல்லவும்.

வீரமுத்து


வடக்கனந்தல்,
10-11-1987

மச்சானுக்கு,

சுகமாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சிரித்துச் சிரித்து வயிற்றுவலி மட்டும் இருக்கிறது.

உன் மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. "ஆறாவது வளைவுல வண்டி சும்மா ஜம்முனு ஏறணும், அதைப் போட்டோ எடுக்கணும்" என்றார். "அதுக்கென்னாங்க, வாங்க, நீங்களும் ஏறிக்கோங்க" என்று அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். போட்டோக்காரர் முன்னாலேயே போய் வளைவில் நின்றுகொண்டார். வளைவு வந்ததும் வண்டியைத் திருப்பினேன்.

"இன்னாய்யா பண்றே?"

"மலையேறறேனுங்க."

"பின்னால போறியே!"

"உங்க வண்டி இப்பிடித்தாங்க ஏறும். நான் இன்னா பண்றது?"

பள்ளம் அவர் பக்கம். கறுப்புக் கண்ணாடி மடியில் விழுந்தது. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அவர் கூப்பிட்ட சாமிகளில் பாதி எனக்குத் தெரியாதவை. வெள்ளிமலையில் முனியன் கட்டையோடு தயாராக நின்றான். "இது எதுக்கு?" என்றார். "பிரேக்குங்க" என்றேன். நாலு வளைவு என்னோடு இறங்கினார். கட்டை கட்டியும் பிரேக் புகைகிற வாசனையை அவரே முகர்ந்தார். "வண்டியை நிறுத்துய்யா" என்று இறங்கி, மீதி மலையை நடந்தே வந்தார். நானும் வண்டியை ஓரமாக விட்டுவிட்டுக் கூட நடந்தேன், பாவமாக இருந்தது.

கச்சிராயபாளையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். "இதுலயா அந்தப் பொண்ணைக் கொண்ணாந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் வேலைக்கு ஆபத்து வந்தால் வந்துவிடு. ஒரு வாய் சோற்றுக்கு இங்கே பஞ்சமில்லை.

மாமன்,
வெங்கடேசன்


சென்னை,
2-12-1987

மாமாவுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு பாதிதான்.

காலண்டர் வந்துவிட்டது. மாமா பின்பக்கமாக ஏறியபோது எடுத்த படம்தான். வண்டியின் முகம் கீழ்நோக்கி இருக்கிறதல்லவா, பார்ப்பவர்களுக்கு ராஜாளி மலையை ஜெயித்துவிட்டுக் கம்பீரமாக இறங்குவது போலத் தெரிகிறது! மறுபடி ஷோரூமில் கூட்டம். நான் அதன்முன் நின்று பார்த்தேன். உண்மை தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்க்கிறது, அதை என்னவென்று சொல்ல?

ஆனால் மேனேஜர் சும்மா இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாளே எஞ்சினியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். மலைக்கு ஓட்டுகிறவர்கள் கேட்டால் தாழ்ந்த கியரும் பெரிய பிரேக்கும் பூட்டித் தருவதென்று கம்பெனியில் முடிவாகிவிட்டது. அந்த வேலைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். பந்தயப் பிரிவில் இனி எனக்கு இடமில்லை. ஏழாம் நம்பர் வண்டியை நேற்று வேறொருவன் கழுவிக்கொண்டிருந்தான். அழுகை வந்துவிட்டது அக்கா, மறைக்கவில்லை.

முதல் பெட்டி சாமான் தயார். வரும் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து மாமா வண்டியில் பூட்டுகிறேன். வரலாமா?

வீரமுத்து


வடக்கனந்தல்,
6-12-1987

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் மாமா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "வரலாமான்னு கேக்கறாம் பாரு கழுதை" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுதமாட்டார், நான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. வண்டி வந்து நாலு மாதமாகிறது. ஊரே அதில் ஏறிவிட்டது. நான் ஏறவில்லை. அவர் எத்தனையோ தரம் கூப்பிட்டார், தலைவலி என்றேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்றேன். பயத்தால் இல்லை. நான் என் தலைமேல் வைத்துக் கேட்ட ஆணைக்கு என் தம்பி பொய் எழுதின வண்டி என்று எனக்கு முன்னமே தெரியும். அதில் உட்கார மனசு ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை வா. உன் கையால் பூட்டு. பூட்டி முடித்ததும் மூன்று பேருமாக வெள்ளிமலைக்குப் போய் முனியன் குழந்தையைப் பார்ப்போம். இறங்கி வரும்போது நான் முன் சீட்டில் உட்காருகிறேன். கட்டை கட்ட வேண்டாம் என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
அம்சவள்ளி